ஸ்பிரிங்கை வெட்டிய மாப்பிள்ளை

உங்களில் யாராவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் பூத்தட்டை ஏந்திக்கொண்டு, ஸ்பீட் பிரேக்கரை நடந்து கடந்திருக்கிறீர்களா?

நான் கடந்திருக்கிறேன். ஒன்று இரண்டு அல்ல... போளூரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து ஜவ்வாது மலை அடிவாரம் வரைக்கும் எத்தனை உண்டோ அத்தனையும்.

கார் இல்லாமல் இல்லை. கார் இருந்தது. எங்களுக்குப் பின்னால், ஓட்டுகிறவனைத் தவிர ஆளில்லாமல், மாப்பிள்ளை அழைப்புக் குதிரை மாதிரி அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் நாங்கள் இறங்குவோம். கார் முக்கி முனகி அதைத் தாண்டும். நாங்கள் மறுபடி ஏறுவோம். கதவைச் சாத்தி, புடவையை ஒழுங்குபடுத்தி, தட்டை மடியில் வைத்து நிமிர்ந்தால் அடுத்த மேடு வந்திருக்கும்.

இந்தப் பெருமையெல்லாம் என் தம்பி பிரபுவைச் சேரும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு அவனைத் தெரியும். மிக்ஸி சத்தம் போடுகிறது என்று பிரித்துப் பார்த்து, அம்மாவை மறுபடி அம்மிக்கு அனுப்பியவன். புதிதாக வந்தவர்களுக்கு — போளூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான், நல்ல பையன், கையில் ஸ்குரூ டிரைவர் இல்லாத நேரங்களில் மிகவும் நல்ல பையன்.

அவனுக்கும் சத்யாவுக்கும் பிடித்துப்போனது. சத்யா எங்கள் ஊரில் ஒரு லேபில் டெக்னீஷியன். சொந்த ஊர் ஜவ்வாது மலை மேல், மெயின் ரோட்டில் இருந்து பிரிகிற மண் ரோட்டில் உள்ளடங்கிய ஒரு சின்ன ஊர். அப்பா அம்மா சாமை விவசாயம், நாலு புளியமரம், ரெண்டு பலாமரம். மலைக்காரர்கள் பெண்ணைக் கீழே கொடுக்க யோசிப்பார்கள். சத்யாவின் அப்பாவும் யோசித்தார். யோசித்து முடித்துவிட்டு ஒருநாள் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்.

வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை. கடை வருமானம் கேட்கவில்லை. வாசலில் நின்ற காரையே சுற்றிச் சுற்றி வந்தார். பிரபு செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார்.

"இந்த வண்டி எங்க வூட்டு வாசல் வரைக்கும் வருங்களா?"

"இன்னா மாமா இப்டி கேட்டுட்டீங்க. வாசல் இன்னா, சமையக்கட்டு வரைக்கும் ஓட்டினு வர்றேன்" என்றான் பிரபு.

அவர் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். "போன மழையில அவங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கிச்சுங்க. ஜீப்பு இல்ல, கீழ எங்கியோ போய்ட்ருந்துச்சு. டோலி கட்டி, ஊரு ஆளுங்கதான் தூக்கினு வந்தாங்க, ஆம்புலன்ஸ் நிக்கிற எடம் வரைக்கும். பொண்ணு பக்கத்துலயே நடந்து வந்துச்சு. அன்னிக்கே சொல்லிடுச்சு. கட்டிக்கிறவரு வண்டி வாசலுக்கு வரணும், வேற ஒண்ணும் வேணாம்னு."

நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. கார் வாசலுக்கு வரவேண்டும், அவ்வளவுதான். இதைவிடச் சுலபமான நிபந்தனை எந்த மாப்பிள்ளைக்காவது கிடைத்திருக்குமா? அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். காரை அப்படியே சும்மா விட்டிருக்க வேண்டும்.

அதுதானே நமக்கு வராது!

கம்பெனிக்காரன் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டால் நம் பிள்ளைகளுக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. பைக் வாங்கினால் முதலில் சைலன்சரைக் கழற்றுவார்கள், தெருவுக்கே கேட்கவேண்டும் என்று. மட்கார்டைக் கழற்றுவார்கள், மழைக்காலத்தில் முதுகெல்லாம் சேறு தெறிக்கவேண்டும் என்று. கண்ணாடியைக் கழற்றுவார்கள், பின்னால் வருவது தெரியக்கூடாது என்று. இன்ஜினியர்கள் கூட்டமாக உட்கார்ந்து, வருஷக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டு செய்த ஒரு வண்டியை, ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் சாப்பிட்டுவிட்டு நம்மால் சரிசெய்துவிட முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறதே... அது வேறு எந்த நாட்டில் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பூ வைக்கப் போகும் நாள் குறித்தாயிற்று. பிரபு யூடியூப் பார்க்க ஆரம்பித்தான். காரின் ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைத்தால் வண்டி தரையோடு தரையாகப் பம்மிக்கொண்டு போகுமாம். அதுதான் இப்போது கெத்தாம்.

"பொண்ணு வூட்டுக்குப் போறம்கா. கார் பாக்குறதுக்கு ஒரு மாதிரி இருக்க வேணாமா?"

"ஒர்க் ஷாப்புல கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவாங்கக்கா. அதான் கேக்கல."

இந்தப் பதிலுக்கு நான் என்ன சொல்லமுடியும்? நம்மில் பலர் டாக்டரிடம் போகாததற்கும் இதே காரணம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்மா வீட்டுக்குப் போனபோது, கார் நான்கு சக்கரமும் இல்லாமல் நின்றது. ஒரு பக்கம் ஜாக்கி. இன்னொரு பக்கம், துணி துவைக்கிற கல். அம்மா அழுக்குத் துணி மூட்டையோடு பக்கத்தில் நின்றிருந்தாள், கல் எப்போது காலியாகும் என்று. கட்டிங் மெஷின் சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டன.

அமுக்கி வைத்திருந்த ஒரு ஸ்பிரிங் பிடி நழுவித் துள்ளியது. துள்ளிப் போய் பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை ஒன்றை முறித்துப் போட்டது. அந்த இடத்தில்தான் கொஞ்சம் முன்னால் அவன் குனிந்திருந்தான். அம்மா மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கல்யாண வயசுப் பிள்ளையை அடிக்கிறோமே என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

அடியை வாங்கிக்கொண்டு மீதி ஸ்பிரிங்கையும் வெட்டி முடித்தான்.

சாயங்காலம் சக்கரம் மாட்டி இறக்கியதும் கார் உட்கார்ந்தது பாருங்கள்... சாப்பிட்டுவிட்டுத் தரையில் சாய்ந்த பெரிய மனுஷர் மாதிரி. பிரபு பின் கண்ணாடியில் பெரிதாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தான். "எப்படிக்கா?" என்றான். ஸ்டார்ட் செய்து தெருவுக்கு வந்தான். முதல் மேட்டிலேயே வயிறு இடித்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்த ஸ்பீட் பிரேக்கர் எங்கள் வாசலில் எப்படி வந்தது என்று சொல்லவேண்டுமே. லாரிகள் வேகமாகப் போகின்றன என்று தெருவில் எல்லோரையும் திரட்டி, அலைந்து திரிந்து, 'இன்னும் கொஞ்சம் ஒசரமா போடுங்க' என்று பக்கத்தில் நின்று போடவைத்தவன் என் தம்பிதான்.

பூ வைக்கும் நாள் வந்தது. முதல் தடவை ஐந்து பேர் போவது எங்கள் வழக்கம். பிரபு ஓட்ட, முன்னால் என் வீட்டுக்காரர். பின்னால் நான், அம்மா, பெரிய அத்தை. ஐந்து பேரும் உட்கார்ந்ததும் டயர் மட்கார்டில் உரச ஆரம்பித்தது. ரப்பர் வாசனை வந்தது.

"நான் வேணா பஸ்ல வந்துடறேனே" என்றார் என் வீட்டுக்காரர், ஆசையாக.

"நாலு பேரா போய் நிக்கக் கூடாதுப்பா" என்றாள் அத்தை.

"அப்ப அத்தை, நீங்களும் என்கூட பஸ்ல வந்துடுங்க."

"அப்ப மூணு ஆயிடும். அது நாலை விட ஆவாது."

ஆக, சம்பிரதாயப்படி ஐந்து பேரும் போயாகவேண்டும். ஸ்பிரிங்கின் நிலைமைப்படி ஒருவர்தான் போகமுடியும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கைதான் நான் ஆரம்பத்தில் சொன்ன நடைப்பயணம்.

அடிவாரம் வரைக்கும் பரவாயில்லை. மலை ரோட்டில் வளைவுகளும் பரவாயில்லை, அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். மண் ரோட்டில் திரும்பியதும்தான் விஷயம் தெரிந்தது. புது ரோடு போட ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கல்லும் காரின் வயிற்றைத் தடவிப் பார்த்தது. பிரபு வண்டியை நிறுத்தினான். நால்வரும் இறங்கினோம்.

முன்னால் பூத்தட்டுடன் நான். அடுத்து தேங்காய் பழத் தட்டுடன் அம்மா. அதற்கு அடுத்து வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமத்துடன் அத்தை. ஓரமாக, புடவைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, பட்டு வேட்டியில் என் வீட்டுக்காரர். எங்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் கார்.

வழியில் ஒரு ஊர். நாலைந்து பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். பட்டுப்புடவை, வரிசையாகத் தட்டு, பின்னால் மெதுவாக வரும் கார், அதற்குள் மாப்பிள்ளை. இதைப் பார்த்தால் யாருக்கு என்ன தோன்றும்? சீர்வரிசை ஊர்வலம் போகிறது என்றுதானே? ஒரு அம்மா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எங்கள் முன்னால் தெளித்தார். எங்கிருந்தோ ஒரு பம்பைக்காரர் வந்தார். கோயில் திருவிழாவுக்குப் பழகிக்கொண்டிருந்தாராம். 'மேளம் இல்லாம போறீங்களே' என்று வருத்தப்பட்டு, எங்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"கீழ இருந்தே நடந்து வர்றீங்களா?" என்று கேட்டார் ஒரு பெண்மணி.

"ஆமாம்மா" என்றாள் அத்தை. பொய் என்று சொல்லமுடியாது. "எங்கூட்ல அப்டித்தான். பொண்ணு வூட்டு மண்ண மதிச்சு நடந்துதான் போவோம்."

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தட்டு ஆடியது. ஆனால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மலைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் இவ்வளவு மரியாதையாக வந்ததில்லை என்ற செய்தி எங்களுக்கு முன்னாலேயே சத்யாவின் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தையின் நடையே மாறிவிட்டது. எனக்கும் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கத் தோன்றியது, மறைப்பானேன்?

ஊருக்கு முன்னால் ஓடையின் மேல் ஒரு தரைப்பாலம். நடுவில் சின்னதாக ஒரு மேடு. நாங்கள் தாண்டிவிட்டோம். கார் தாண்டவில்லை. பாலத்தின் நடுவில் வயிறு தட்டி, முன் சக்கரம் அந்தரத்தில் சுற்ற, தராசு மாதிரி நின்றுவிட்டது.

பம்பை நின்றது.

சத்யாவின் ஊர் ஆட்கள் வந்தார்கள். சத்யாவின் அப்பாவும் வந்தார். குனிந்து காரின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து பிரபுவைப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவர் சொன்னார், "அந்த டோலி மூங்கில எடுத்தாங்கப்பா."

மூங்கில் வந்தது. முன்னால் கொஞ்சம் பேர், பின்னால் கொஞ்சம் பேர். 'ஏய்... தூக்கு' என்று ஒரே மூச்சில் தூக்கி மேட்டைத் தாண்ட வைத்தார்கள். பிறகு தள்ளினார்கள். கல் வந்த இடத்தில் மறுபடி தூக்கினார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே என்பதால் பிரபு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். திருவிழாவில் சாமி வருவதுபோல, ஆனால் சாமியின் முகத்தில் இருக்கிற களை மட்டும் இல்லாமல், வந்துகொண்டிருந்தான். பம்பைக்காரருக்கு அதைப் பார்த்ததும் உற்சாகம் வந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.

இப்படியாக, கொடுத்த வாக்கின்படி, கார் வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

வாசலில் சத்யா நின்றிருந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. பக்கத்தில் அவள் அம்மா, கதவைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மூச்சு வாங்க. பிரபு இறங்கினான். சத்யா அவனைப் பார்க்கவில்லை. காரைத் தூக்கி வந்தவர்களைப் பார்த்தாள். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கம்மாவ அன்னிக்கு தூக்கினு போனதும் இவங்கதாங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இனிமே இவங்க யாரையும் தூக்க வேணாம்னுதான் உங்கள கார் கேட்டேன். நீங்க காரையே தூக்க வெச்சுட்டீங்க."

பிரபு கார் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பாயில் தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். காபி வந்தது. சாமை சோறும் பருப்பும் வந்தது. அன்பாகத்தான் பரிமாறினார்கள். தட்டுகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அத்தைதான் ஆரம்பித்தாள்.

"நேரம் போவுது. பொண்ணுக்குப் பூ வெச்சுடலாங்களா?"

சத்யாவின் அப்பா மகளைப் பார்த்தார். அவள் தட்டில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"வாடிடுங்க அத்த. அடுத்த தடவ வரும்போது புதுசா வாங்கினு வாங்க. வண்டி சரியானதும் சொல்லுங்க, தூக்க நாங்க ஆளு கூப்புட மாட்டோம்."

வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூத்தட்டோடு திரும்பி வருவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பாலத்தில் மறுபடி அதே மூங்கில், அதே ஜல்லி, அதே வரிசை, அதே தட்டு... இந்தத் தடவை பம்பை இல்லை. அந்த ஊர்ப் பெண்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் தெளித்த அம்மா எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். எனக்குப் பிரபுவின் மேல் கோபம் கோபமாக வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். என் தம்பியாயிற்றே... கோபத்தையும் முழுசாகப் பட முடியவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்னதுல இன்னா தப்பு?" என்றாள் அம்மா, அடிவாரம் வந்தபிறகு. அதுவரை பொருமிக்கொண்டிருந்த அத்தை அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. காரை மெல்ல உருட்டிக்கொண்டு வேலூர் போனான். ஒர்க் ஷாப்பில் கேட்டான்... ஆமாம், கேட்டான்! நான்கு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டுக்கொண்டு வந்தான். கார் பழைய உயரத்தில், எந்தக் கெத்தும் இல்லாமல், கார் மாதிரி நின்றது. ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் அவனே சுரண்டி எடுத்தான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

போன வாரம் மறுபடி ஐந்து பேர், புதுப் பூ. எங்கும் இறங்கவில்லை. ஜல்லியில் போனோம், தரைப்பாலத்தைத் தாண்டினோம். வழியில் பம்பைக்காரர் ஓடிவந்தார். நாங்கள் உட்கார்ந்தபடியே கடந்து போவதைப் பார்த்து அவர் முகம் விழுந்துவிட்டது. "இன்னாங்க, இந்த வாட்டி நடக்கலியா?" என்று பின்னாலிருந்து கேட்டது. மரியாதை குறைந்துவிட்டது என்று நினைத்திருப்பார் பாவம்.

கார் தன் சக்கரத்தில், தானாக, வாசலில் போய் நின்றது. சத்யா வெளியே வந்தாள். பிரபுவைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்துக்கு மேலே உள்ள இடைவெளியில் கையை விட்டுப் பார்த்தாள். கை தாராளமாகப் போனது. அதன்பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டாள். அத்தை பூ வைத்தபோது அம்மா அழுதாள், நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் கண்ணில் தூசி என்றார்.

மூன்றாம் நாள் சத்யாவின் அம்மாவுக்கு டாக்டரைப் பார்க்கவேண்டி இருந்தது. பிரபுவே மலையேறிப் போய் அழைத்துவந்தான். டாக்டரிடம் காட்டிவிட்டு, சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சத்யாவும், ஆஸ்பத்திரியில் ஏறிக்கொண்ட நானும் பின் சீட்டில். அவள் அம்மா முன்னால். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். மூச்சு சீராக இருந்தது.

எங்கள் வாசல் ஸ்பீட் பிரேக்கர் வந்தது. பிரபு வேகத்தைக் குறைத்தான். அந்த அம்மா சட்டென்று பையைக் கையில் எடுத்துக்கொண்டார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கதவுப் பிடியில் கையை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"எறங்கணுங்களா?"